பனிமலைக் காவலர்

நிலத்தின் இயல்பிற்கு ஏற்ப மக்களுடைய உணவும் உடையும் தொழிலும் அமைகின்றன. விளையாட்டும் அவ்வாறே அமைகின்றது. ஆறும் குளமும் நிறைந்த ஊரில் பிறந்தவன் நீந்தி மகிழ்கின்றான். கடற்கரையில் வாழ்பவன் அலையோடு விளையாடுகின்றான். ஆண்டில் பல திங்கள் வெண்பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் வாழ்பவரோ அப்பனியின்மீதே சறுக்கி விளையாடுகின்றனர். இவ்விளையாட்டிற்குப் பனிச்சறுக்கு என்பது பெயர். நார்வே, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பிரான்சு, அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, சப்பான் முதலிய நாடுகளில் இஃது இன்று பெருவழக்காய் உள்ளது. நம் நாட்டிலும் காசுமீரத்துக் குல்மார்க்கிலும் உத்தராகண்டத்து ஔலியிலும் பனிக்காலத்தில் இவ்விளையாட்டு நிகழ்கின்றது.

பனி என்றவுடன் மார்கழி வைகறையில் புல்நுனியில் தங்கும் நீர்த்துளியே நம் நினைவிற்கு வரும். ஈண்டுக் கூறப்படும் பனி அதுவன்று. வானத்தினின்று வெண்பஞ்சுபோல் உதிர்ந்து, அடுக்கடுக்காகப் படிந்து, மலைச்சரிவுகளில் ஆளுயரத்திற்கும் மேலாகக் குவிவது அது. அதன்மீது கால் வைத்தால் முழங்காலளவு புதையும். இவ்விடரை நீக்க வடபுலத்து மக்கள் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு வழி கண்டனர். நீண்ட மரப்பலகைகள் இரண்டைக் காலில் கட்டிக்கொண்டனர். உடலின் எடை பலகை முழுவதும் பரவுதலால் கால் புதையாதாயிற்று. அப்பலகையைக் கொண்டே அவர்கள் வேட்டைக்குச் சென்றனர், அயலூருக்கும் சென்றனர். அப்பலகையின் பெயர் ‘ஸ்கீ’ என்பதாம். பிளந்த மரத்துண்டு என்பதே பழைய வடபுல மொழியில் அச்சொல்லின் பொருள். பயணத்திற்கெனத் தோன்றிய பலகை பின்னாளில் விளையாட்டிற்கும் உரியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே நாட்டின் தெலமார்க்குப் பகுதியில் வாழ்ந்த சோந்திரே நோர்ஹைம் என்பவர், முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டிப் பலகையைக் காலோடு நன்கு பிணைத்தார். அதனால் விரும்பியவாறு திரும்பவும் தாவவும் இயன்றது. மக்கள் இவ்விளையாட்டில் பேரார்வம் கொள்ளலாயினர்.

ஆர்வம் வளர்ந்தவிடத்து இடரும் வளர்ந்தது. சரிவில் இறங்குவோன் மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் செல்வது அங்கே வியப்பன்று. நகரத்துத் தெருவில் ஓடும் உந்துவண்டியின் விரைவு அது. வண்டியில் செல்வோனைச் சுற்றி இரும்புக்கூடு உண்டு. சறுக்குவோனைச் சுற்றியோ காற்றன்றி வேறில்லை. மரமும் பாறையும் பிறரும் எதிர்ப்படும் வழியில், வீழ்ந்தால் எலும்பு முறியும். மோதினால் உயிரும் போகும். வீழ்ந்தவனைக் காக்க எவரும் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. அந்நிலையை மாற்றியவர் வரலாறு அறியத்தக்கது.

டோலும் அவர்தம் தோழரும்

அமெரிக்க நாட்டில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்தவர் சார்லசு மைனாட் டோல் என்பவர். அவர் 1899-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1936-ஆம் ஆண்டுப் புத்தாண்டு விடுமுறையில் அவர் தம் மனைவியோடும் நண்பரோடும் வெர்மான்ட் மாநிலத்து ஸ்டோ என்னும் மலையூருக்குச் சென்றார். அங்குச் சறுக்கி இறங்குகையில் வீழ்ந்து கணுக்கால் முறிந்தார். மலைவழியில் உதவுவார் எவரும் இலர்; முதலுதவிப் பொருளும் இல்லை; சுமந்து செல்லக் கட்டிலும் இல்லை. குளிரோ உடலை வாட்டியது. நண்பர்கள் நெடுநேரம் அலைந்து, கூரை வேய உதவும் தகரத்தகடு ஒன்றைத் தேடிக் கொணர்ந்தனர். அத்தகட்டின்மீது அவரைக் கிடத்தி அரும்பாடுபட்டுக் கீழே இழுத்து வந்தனர். அன்று அவருக்கு உதவியவருள் பிராங்க்லின் எட்சன் என்னும் தோழரும் ஒருவர்.

டோலின் கால் தேறுமுன்னரே பேரிடி ஒன்று வீழ்ந்தது. ஏறத்தாழ இரண்டு திங்கள் கழித்து, மாசச்சூசெட்சு மாநிலத்தில் நடந்த சறுக்குப் பந்தயம் ஒன்றில் அத்தோழர் எட்சன் மரத்தில் மோதி உயிர் துறந்தார்.

தோழரை இழந்தவர் துயரில் ஆழ்வது இயல்பு. டோல் துயருற்றார், ஆயினும் துயரத்தோடு அமையவில்லை. “இவ்விறப்பு ஏன் நேர்ந்தது? இத்தகைய இறப்புகளைத் தடுக்க இயலாதா?” என்று ஆராயத் தலைப்பட்டார். சறுக்குவோர் கழகம் ஒன்றின் சார்பில் அமைந்த குழுவிற்குத் தலைமை ஏற்றார். விபத்துகள் எங்கே, எப்பொழுது, எக்காரணத்தால் நேர்கின்றன என்று பலரையும் வினவித் தொகுத்தார். அஞ்சாமல் விளையாடுவதே வீரம் என்று எண்ணிய சிலர் அவரை எள்ளி நகையாடினர். விளையாட்டின் இன்பத்தைக் கெடுக்க வந்தவர் என்றும் பழித்தனர். அவர் பின்வாங்கவில்லை. 1938-ஆம் ஆண்டில் ஸ்டோவில் நடந்த தேசியப் பந்தயத்தில், காவலர் சிலரை வழிநெடுகப் பாங்குற நிறுத்தினார். அதனைக் கண்டு மகிழ்ந்த தேசியச் சறுக்குச் சங்கத் தலைவர் ரோசர் லாங்லி, நாடு முழுமைக்கும் இத்தகைய காவற்படை ஒன்றை அமைத்துத் தருமாறு வேண்டினார். அவ்வாண்டே தேசியப் பனிச்சறுக்குக் காவற்படை தோன்றியது.

இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது, பனிமலையில் போரிடத் தக்க படை தம் நாட்டிற்கு இல்லை என்பதை உணர்ந்த டோல், அரசினரிடம் அதனை எடுத்துரைத்தார். 1941-ஆம் ஆண்டில் மலைப்படைப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கு வேண்டிய வீரரைத் திரட்டித் தரும் பணியைக் காவற்படையே மேற்கொண்டது. பின்னர்ப் பத்தாம் மலைப்படை எனப் பெயர்பெற்ற அப்பெரும்படை, 1945-ஆம் ஆண்டில் இத்தாலிய மலைகளில் அரும்போர் புரிந்தது. போர் முடிந்தபின் அவ்வீரர் பலர் ஊர் திரும்பிச் சறுக்குக் களங்களை நிறுவினர். டோல் 1976-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் அமைத்த காவற்படைக்கு 1980-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை சட்டவழியில் ஏற்பு அளித்தது. இன்று அதில் 30,000-க்கும் மேற்பட்டோர் உள்ளனர். அவருள் பெரும்பாலோர் ஊதியம் கருதாத தொண்டர் என்பது எண்ணி மகிழ்தற்குரியது. பிரான்சு முதலிய ஐரோப்பிய நாடுகளில் இப்பணிக்கெனவே பயின்று சான்று பெற்ற ஊழியர் உளர்.

காவலரின் ஒரு நாள்

செந்நிற மேலாடையும் அதன்மீது பொறித்த வெண்சிலுவைக் குறியும் காவலரின் அடையாளமாகப் பல களங்களில் விளங்குகின்றன. அவ்வாடை அணிந்தவரின் பணி, விளையாட வருவோர் துயிலெழு முன்னரே தொடங்கிவிடுகின்றது.

இரவில் புதுப்பனி பெய்திருப்பின் அவர்தம் முதற்கடமை பனிச்சரிவைத் தடுத்தலாகும். மலையுச்சியில் திரண்ட பனி திடீரெனப் பெயர்ந்து, மரத்தையும் வீட்டையும் வாரிக்கொண்டு கீழே பாய்வதே பனிச்சரிவு. அஃது ஆள் இல்லாத வேளையில் சரிந்துவிடின் தீங்கில்லை. ஆதலின் காவலர் வைகறையிலேயே மலைமுகட்டை அடைந்து, வெடிமருந்து கொண்டு அப்பனியைத் தாமே சரியச் செய்கின்றனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், யூட்டா மாநிலத்து ஆல்ட்டாவில் பணியாற்றிய மான்ட்கோமரி ஆட்வாட்டர் என்பார் இம்முறையை ஆராய்ந்து வளர்த்தார். மலைப்படையில் பணியாற்றிய அவர், போரில் பயன்பட்ட பீரங்கியை உயிர் காக்கும் கருவியாக்கினார். அழிக்கப் பிறந்த கருவியும் அறிவுடையார் கைப்பட்டால் காக்கப் பயன்படும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அடுத்து, தடங்கள் ஒவ்வொன்றையும் காவலர் சறுக்கிப் பார்க்கின்றனர். பனி உருகிப் பாறை வெளிப்பட்ட இடம், ஓடை மறைந்த இடம், பனி இறுகிக் கண்ணாடிபோல் வழுக்கும் இடம் ஆகியவற்றைக் கண்டு, மூங்கிற்கழி நட்டுக் கயிறு கட்டுகின்றனர். இடர் மிகுந்த தடத்தை மூடி அறிவிப்பு வைக்கின்றனர். இத்துணையும் முடிந்தபின்னரே மக்கள் மேலே ஏற விடப்பெறுகின்றனர்.

பகலில் எங்கேனும் ஒருவர் வீழ்ந்தார் என்னும் செய்தி வந்தால், அருகிலுள்ள காவலர் விரைந்து செல்கின்றார். முதலில் தம் பலகைகளை வீழ்ந்தவருக்கு மேற்புறத்தில் குறுக்காக நட்டு வைக்கின்றார். மேலிருந்து வருவோர் அதனைக் கண்டு விலகிச் செல்வர். பின்னர் மூச்சு உளதா, குருதி ஒழுகுகின்றதா, கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டுளதா எனச் சோதிக்கின்றார். முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுகின்றார். குளிர் தாக்காதவாறு கம்பளி போர்த்துகின்றார். பனியினும் குளிரினும் செய்யத்தக்க முதலுதவியைக் காவலர் தனிப் பாடமாகவே பயில்கின்றனர்.

அடிபட்டவரைக் கீழே கொணர்தல் மற்றோர் அருங்கலை. படகுபோன்ற சறுக்குவண்டி ஒன்றில் அவரைக் கிடத்துகின்றனர். முன்புறத்துக் கைப்பிடிகளுக்கு இடையே ஒரு காவலர் நின்று, வண்டியின் பளுவைத் தாங்கியவாறு சறுக்கி இறங்குகின்றார். சரிவு செங்குத்தாயின் பின்புறத்தில் மற்றொருவர் கயிற்றைப் பற்றி வண்டி விரையாதபடி காக்கின்றார். ஒருவர் கால் தவறினும் மூவர்க்கும் கேடு. எனவே வெறும் வண்டியோடும் பளு ஏற்றிய வண்டியோடும் பன்முறை பயின்ற பின்னரே இப்பணி ஒருவரிடம் ஒப்படைக்கப்பெறும்.

மலையேற்றும் தொங்குநாற்காலிகள் பழுதுற்று நடுவழியில் நின்றுவிடின், அவற்றில் இருப்போரைக் கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்குவதும் காவலர் கடமையே. மாலையில் களம் மூடும்பொழுது அவர்கள் மீண்டும் உச்சியினின்று புறப்பட்டு, தடந்தோறும் பிரிந்து, எவரேனும் பின்தங்கினரோ என்று பார்த்துக்கொண்டே இறங்குகின்றனர். இறுதி மனிதனும் இறங்கினான் என்று உறுதி செய்த பின்னரே அவர்தம் நாள் முடிகின்றது.

தடமும் குறியும்

சறுக்குத் தடங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. எளியவும் அரியவும் உள. அவற்றைப் பிரித்துணர்த்தக் குறிகள் இடப்பட்டுள்ளன. அமெரிக்கக் களங்களில் பச்சை வட்டம் எளிய தடத்தையும், நீலச்சதுரம் நடுத்தரமான தடத்தையும், கரிய சாய்சதுரம் கடுமையான தடத்தையும் குறிக்கும். கரிய சாய்சதுரம் இரண்டு இருப்பின் அத்தடம் மிக வல்லார்க்கு மட்டுமே உரியது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நீலம், சிவப்பு, கறுப்பு என்னும் நிறங்கள் இம்முறையே அருமையை உணர்த்துகின்றன. சில நாடுகளில் நீலத்திற்கும் எளியதாகப் பச்சை உண்டு.

இக்குறிகளைப் பற்றி ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். அவை அம்மலையின் தடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு இடப்பட்டவை. ஆகவே, ஒரு மலையின் நீலத்தடம் மற்றொரு மலையின் கருந்தடத்தைப் போலச் செங்குத்தாய் இருத்தலும் கூடும். அன்றியும், ஒரே தடம் காலையில் இறுகியும் நண்பகலில் இளகியும் தோன்றும். முகில் சூழ்ந்த நாளில் மேடு பள்ளங்கள் கண்ணுக்குப் புலப்படா. எனவே புதிய களத்திற்குச் சென்றவன் எளிய தடத்தில் தொடங்கி, நிலைமை அறிந்த பின்னரே அரியதற்குச் செல்லுதல் அறிவுடைமையாம்.

அனைத்துலகச் சறுக்குக் கூட்டமைப்பு 1967-ஆம் ஆண்டில் பத்து நெறிகளை வகுத்தது. பிறர்க்கு இடர் விளையாதவாறு நடத்தல் அவற்றுள் முதலாவது. தன் ஆற்றலுக்கும் பனியின் நிலைக்கும் கூட்டத்தின் அளவிற்கும் ஏற்ப விரைவை அடக்குதல் இரண்டாவது. மேலிருந்து வருபவனே கீழே செல்பவனுக்கு வழிவிட வேண்டும் என்பது மூன்றாவது. இதற்குக் காரணம் தெளிவு. மேலே உள்ளவனுக்குக் கீழே உள்ளவன் தெரிவான். கீழே உள்ளவனுக்கு முதுகில் கண் இல்லை. காண்பவன் எவனோ அவன்மீதே பொறுப்பும் சாரும். முந்திச் செல்வோன், முன்னே செல்வோன் எப்பக்கம் திரும்பினும் மோதாத அளவிற்கு இடைவெளி விடுதல் வேண்டும். தடத்தில் நுழைவோன் மேலும் கீழும் நோக்கிய பின்னரே நுழைதல் வேண்டும். குறுகிய இடத்திலும், மேட்டிற்கு அப்பால் மறைந்த இடத்திலும் நிற்றல் ஆகாது. அங்கு வீழ்ந்தவன் விரைந்து ஓரத்திற்கு ஒதுங்குதல் வேண்டும். நடந்து ஏறுவோரும் இறங்குவோரும் தடத்தின் ஓரமாகவே செல்லுதல் வேண்டும். குறிகளையும் அறிவிப்புகளையும் மதித்தல் வேண்டும்.

இறுதி இரண்டு நெறிகளும் மனிதப் பண்பைச் சார்ந்தவை. விபத்து நேர்ந்தவிடத்து உதவுதல் ஒவ்வொருவர்க்கும் கடமை என்பது ஒன்று. விபத்தில் தொடர்புடையோரும் கண்ணால் கண்டோரும் தம் பெயரும் இருப்பிடமும் தெரிவிக்காமல் அகலலாகாது என்பது மற்றொன்று. மோதியவன் மறைந்தோடும் இழிசெயல் அங்குக் கடியப்படுகின்றது. இந்நெறிகளை ஊன்றி நோக்கின், இவை பனிமலைக்கு மட்டும் உரியனவோ என்னும் ஐயம் எழும். மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் மாணவனுக்கும் இவை முற்றும் பொருந்துவனவே.

பலகை தேர்தல்

போர்வீரன் தனக்கேற்ற வில்லைத் தேர்ந்ததுபோலச் சறுக்குவோனும் தனக்கேற்ற கருவியைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். முதலில் தேர வேண்டுவது பலகையன்று, பூட்சே ஆகும். காலின் குறிப்பைப் பலகைக்கு உணர்த்துவது அதுவே. நிமிர்ந்து நின்றால் விரல்நுனி முன்புறத்தை மெல்லத் தொடவேண்டும்; முழங்காலை மடக்கினால் விரல் பின்னே வாங்கவேண்டும்; குதிகால் மேலெழலாகாது. மெல்லிய காலுறை ஒன்றே போதும். குளிருக்கு அஞ்சிப் பல காலுறை அணிந்தால் கால் இறுகிக் குருதியோட்டம் தடைப்படும். குளிர் மிகுமேயன்றிக் குறையாது.

பலகையின் நீளத்தை அதனை நிமிர்த்தி வைத்து அளப்பர். பயில்வோனுக்கு அது மோவாய் முதல் மூக்கு வரை இருத்தல் நன்று. வல்லோன் தலையளவும் அதற்கு மேலும் கொள்வான். குறும்பலகை எளிதில் திரும்பும். நெடும்பலகை விரைவில் நிலைகுலையாது. உயரத்தோடு உடலின் எடையையும் கருதுதல் வேண்டும். பலகையின் இடைப்பகுதி குறுகியும் இருமுனைகளும் அகன்றும் இருக்கும். இடை 70 முதல் 85 மில்லிமீட்டர் வரை உடைய பலகை, பொறிகொண்டு சமன்செய்த கெட்டிப்பனிக்கு உகந்தது. 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது ஆழ்ந்த புதுப்பனியில் புதையாது மிதக்கும். இடைப்பட்டது இரண்டிற்கும் ஓரளவு உதவும். இடையொடுங்கிய வடிவம் 1990-களில் மிகுதியாகப் பரவியது. பலகையைச் சாய்த்த அளவிலே அது வளைந்து திரும்புதலால், பயில்வோர் திரும்புதலை விரைவில் கற்கின்றனர்.

முற்காலத்தில் பலகைகள் முழுதும் மரத்தால் ஆயின. இறுகிய பனியில் மரவிளிம்பு பிடிப்பின்றி வழுக்கியது. ஆஸ்திரிய நாட்டு ருடால்ஃப் லெட்னர் 1926-ஆம் ஆண்டில் எஃகு விளிம்பிற்குக் காப்புரிமை பெற்றார். வானூர்திப் பொறியாளராய் இருந்த அமெரிக்கர் ஹோவர்டு ஹெட் என்பவர், 1950-ஆம் ஆண்டை ஒட்டி, மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் அலுமினியத் தகடு பொருத்திய பலகையை ஆக்கி வழங்கினார். இன்றைய பலகையில் மரம், உலோகம், கண்ணாடியிழை, நெகிழி ஆகிய பலவும் கலந்துள்ளன.

இவற்றினும் இன்றியமையாதது பலகையையும் பூட்சையும் இணைக்கும் பிணைப்பு. முன்னாளில் அஃது எந்நிலையிலும் கழலாது. வீழ்ந்தவனுடைய நீண்ட பலகை பனியில் சிக்கி முறுக்கும். காலும் உடன் முறுகி ஒடியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யால்மர் வாம் என்னும் பந்தய வீரருக்கு 1937-ஆம் ஆண்டில் அவ்வாறே கால் முறிந்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபொழுது, வேண்டுங்கால் தானே கழலும் பிணைப்பு ஒன்று அவர் கருத்தில் உதித்தது. அதனைச் செய்து காப்புரிமையும் பெற்றார். இன்று வழங்கும் பிணைப்புகள் அவ்வெண்ணத்தின் வழிவந்தவையே. பலகை கழன்றபின் அது தனியே கீழ்நோக்கி ஓடிப் பிறரைத் தாக்காதவாறு, பனியில் ஊன்றி நிறுத்தும் சிறு தடைக்கால்களும் இப்பொழுது உள.

பிணைப்பு எவ்வளவு விசையில் கழலவேண்டும் என்பதை, ஒருவனுடைய எடை, உயரம், அகவை, பூட்சடியின் நீளம், சறுக்கும் திறம் ஆகியவற்றை வினவிப் பயின்ற வினைஞரே அமைக்கின்றார். இவ்விடத்தில் இளைஞர் பலர் பெருந்தவறு இழைக்கின்றனர். “நீவிர் பயில்பவரா, வல்லவரா?” என்று வினைஞர் கேட்டால், பயில்பவன் என்று சொல்ல நாணி, வல்லவன் என்கின்றனர். வல்லவனுக்குரிய பிணைப்பு எளிதில் கழலாதவாறு இறுக்கப்படும். அவன் மெல்ல வீழ்கையில் அது கழலாது. முழங்காலோ கணுக்காலோ முறியும். தற்பெருமையால் கூறிய ஒரு சிறு பொய் எலும்பையே முறிக்கின்றது! தன் திறத்தை உள்ளவாறு உரைப்பதே ஈண்டுக் காப்பாகின்றது.

தலைக்கவசமும் கண்ணாடியும் அணிதல் நன்று. ஆயினும் கவசம் அணிந்தோம் என்று விரைவை மிகுத்தல் பேதைமை. சிறு மோதலில் காக்கும் கவசம், பெருவிரைவில் மரத்தில் மோதுவோனை முற்றும் காக்க வல்லதன்று.

கயிற்றுக்கு அப்பால்

களத்தின் எல்லையில் காவலர் கட்டிய கயிறு ஒன்று இருக்கும். அதற்கு அப்பால் எவரும் மிதிக்காத பனி பட்டுப்போல் பரந்து கிடக்கும். இளையோர் உள்ளத்தை அஃது ஈர்ப்பது இயல்பே. ஆனால் அப்பட்டின் கீழேயே கூற்றம் உறைகின்றது.

பனி ஒவ்வொரு பொழிவிலும் ஓர் அடுக்காகப் படிகின்றது. அவ்வடுக்குகளுள் ஒன்று சருக்கரைபோல் பொலபொலத்து இருப்பின், அதன்மீது படிந்த கனத்த பனி ஒட்டாது நிற்கும். அந்நிலையில் ஒரு மனிதனின் எடை விழுந்தாலும் பெருஞ்சரிவு உண்டாகும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகளிலேயே இது மிகுதியாக நிகழ்கின்றது. சறுக்குவோர் பெரிதும் விரும்புவதும் அச்சாய்வே என்பது இரங்கத்தக்கது. பனிச்சரிவில் மாண்டோருள் பெரும்பாலார், தாமோ தம்முடன் வந்தோரோ மிதித்தெழுப்பிய சரிவிலேயே மாண்டனர்.

புதையுண்டவனைப் பத்துப் பதினைந்து நிமிடத்திற்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பான். அரைமணி கடந்தால் பிழைத்தல் அரிது. மூச்சு முட்டி இறப்பான். அடிவாரத்தினின்று உதவி வருமுன் அக்காலம் கழிந்துவிடும். ஆகவே உடன் சென்ற தோழரே அவனுக்குக் காவலர். காவலற்ற மலைக்குச் செல்வோர் மூன்று கருவிகளை மறவாது கொள்ளுதல் வேண்டும்: குறிப்பலை விடுத்தும் ஏற்றும் இடங்காட்டும் சிறு பொறி ஒன்று, பனியுள் குத்தித் தேடும் நெடுங்கோல் ஒன்று, அகழும் மண்வாரி ஒன்று. கருவி இருந்தும் பயிற்சி இல்லையேல் பயன் இல்லை. செல்லுமுன் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்தலும், ஐயம் உண்டாயின் திரும்பிவிடுதலும் அவற்றினும் சிறந்த காப்பாகும்.

புதைந்தோரைத் தேடுவதில் நாய்கள் பேருதவி புரிகின்றன. பலர் வரிசையாய் நின்று கோல்கொண்டு மணிக்கணக்கில் தேடும் இடத்தை, பழக்கிய நாய் மோப்பத்தால் சில நிமிடங்களில் தேடி முடிக்கும். சுவிட்சர்லாந்தின் பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில் துறவியர் வளர்த்த ‘பாரி’ என்னும் நாய், ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் காத்தது என்பர். அது 1814-ஆம் ஆண்டில் இறந்தது. பாடம்செய்த அதன் உடல் பெர்ன் நகரத்து அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. கொடைக்குப் பெயர்பெற்ற நம் பறம்புமலைத் தலைவனின் பெயரை அந்நாயும் தற்செயலாகத் தாங்கியிருத்தல் நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

முடிவுரை

கயிற்றைக் கண்டவுடன், “இவர் நம் விருப்பத்திற்குத் தடையிடுகின்றார்” என்று எண்ணுவோரும் உண்டு. அவர் ஒன்றை மறக்கின்றனர். அக்கயிற்றைத் தாண்டி ஒருவன் புதைந்தால், அவனைத் தேடி அதே சரிவில் இறங்குபவர் காவலரே. சரிந்த மலை மீண்டும் சரியக்கூடும். ஆதலின் ஒருவன் அடங்காமை அவன் உயிரை மட்டுமன்றி, அவனைக் காக்க வருவோர் உயிரையும் பணயம் வைக்கின்றது. கயிறு நம்மைக் கட்டுவதற்காகக் கட்டப்பட்டதன்று. நாம் மீண்டு வருவதற்காகக் கட்டப்பட்டது.

தகரத்தகட்டின்மீது வலியால் துடித்தவாறு கீழே இறங்கிய ஒருவர், “எனக்கு உதவ எவரும் இலர்” என்று உலகத்தை நொந்துகொண்டு இருந்திருக்கலாம். அவரோ, “இனி எவர்க்கும் இந்நிலை நேரலாகாது” என்று எண்ணினார். அவ்வெண்ணத்தால் ஒரு பெரும்படை தோன்றியது. எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். பனியைக் காணாத ஊரில் வாழ்வோராயினும், தமக்கு நேர்ந்த துன்பத்தைப் பிறர்க்கு வாராமல் தடுக்கும் அவ்வுள்ளத்தை நாம் அனைவரும் பெறலாம் அன்றோ?

வினாக்கள்

1. பனிப்பலகை முதலில் எப்பயன் கருதித் தோன்றியது?
2. டோல் காவற்படை அமைக்க நேர்ந்த வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
3. மேலிருந்து வருபவனே வழிவிட வேண்டும் என்பதற்குக் காரணம் யாது?
4. பிணைப்பை அமைக்கும் வினைஞரிடம் திறத்தை மிகுத்துக் கூறுவதால் விளையும் கேடு யாது?
5. பனிச்சரிவு உண்டாகும் முறையை விளக்குக.
6. ‘கயிறு நாம் மீண்டு வருவதற்காகக் கட்டப்பட்டது’ — இக்கருத்தை உம் ஊர்ச் சாலைவிதி ஒன்றோடு பொருத்தி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.